புனித கல்லறையைத் தாங்கும் சுண்ணாம்பு



எருசலேம் புனித கல்லறை ஆலயத்தினுள், ஆண்டவரின் கல்லறைமீது அமைந்துள்ள சிற்றாலயம் பல ஆண்டுகள் இரும்புச் சட்டங்களின் பிடியில் நின்றது. 1808 தீ விபத்துக்குப் பின் 1809-1810இல் மறுபடியும் கட்டப்பட்ட அதன் சுவர்கள் வெளிப்புறமாகப் பிதுங்கியதால், பிரிட்டிஷ் ஆட்சியாளர்கள் 1947இல் அச்சட்டங்களைப் பொருத்தினர். பளிங்குப் பலகைகளுக்கு உள்ளே, கற்களைப் பிணைத்திருந்த காரை ஈரத்தால் வலுவிழந்திருந்தது.

2016இல் பேராசிரியர் அந்தோனியா மொரோபூலு தலைமையில், ஏதென்ஸ் தேசிய தொழில்நுட்பப் பல்கலைக்கழக வல்லுநர்கள் புதுப்பிக்கும் பணியைத் தொடங்கினர். பழைய காரையை முதலில் ஆய்வு செய்து, அதனோடு ஒத்துப்போகும் சுண்ணாம்புக் கலவையால் கற்களைப் பிணைத்தனர். இரும்புச் சட்டங்கள் அகற்றப்பட்டு, 2017 மார்ச் 22 அன்று சிற்றாலயம் மீண்டும் திறந்து வைக்கப்பட்டது.

உறுதியான சிமெண்ட் இருக்கச் சுண்ணாம்பு எதற்கு? சுண்ணாம்புக்கல்லை ஏறத்தாழ 900 டிகிரி செல்சியஸில் சுடும்போது கரியமில வாயு வெளியேறுகிறது. அதை நீற்றிக் காரையாகப் பூசியபின், காற்றிலுள்ள அதே வாயுவை மெல்ல உள்வாங்கி மீண்டும் கல்லாகிறது. அதன் நுண்துளைகள் வழியே சுவரின் ஈரம் வெளியேறும். சிமெண்ட் பூச்சோ ஈரத்தை உள்ளேயே அடைத்துவிடும். அந்த ஈரத்தோடு வரும் உப்பு பழைய கல்லுக்குள் படிகமாகி அதை உதிரச் செய்யும். பூச்சு நிற்கும், கல் அழியும். எனவே இணைக்கும் காரை, தான் இணைக்கும் கல்லைவிடச் சற்று மென்மையாக இருக்க வேண்டும்.

பழைய ஆடையில் புதுத் துணியை ஒட்டுப்போட்டால் கிழிசல் பெரிதாகும் என்றார் இயேசு (மாற்கு 2:21). புதிய வாழ்வைப் பற்றி அவர் சொன்ன உவமை அது. அதிலுள்ள நடைமுறை உண்மையைக் கொத்தனார்களும் அறிவர்.

நம் பங்குகளிலும் சுண்ணாம்புக் காரையால் கட்டிய பழைய ஆலயங்கள் உள்ளன. திருவிழாவுக்கு முன் அவசரமாகச் சிமெண்ட் பூசாமல், ஈரம் எங்கிருந்து வருகிறதென்று முதலில் கண்டறிவோம். பழைய காரையை அறிந்தவர்களிடம் ஆலோசனை கேட்போம். முன்னோர் வியர்வை சிந்திக் கட்டியதை நம் ஆர்வமே அழித்துவிடக் கூடாது.

இன்னொன்றையும் சிந்திப்போம். கிரேக்க ஆர்த்தடாக்ஸ், கத்தோலிக்க, அர்மேனிய சபையினர் நீண்டகாலக் கருத்து வேறுபாடுகளைக் கடந்து 2016இல் உடன்பட்ட பிறகே அப்பணி தொடங்கியது. திருத்தூதர் பவுல் அன்பையே அனைத்தையும் பிணைக்கும் கட்டாகக் காண்கிறார் (கொலோசையர் 3:14). குடும்பத்திலும் பங்கிலும், நம் கடினத்தால் அடுத்தவரை உடைக்காமல், விட்டுக்கொடுத்து இணைக்கும் வரத்தை ஆண்டவரிடம் கேட்போம்.