உஷார்! ஸ்குரூவைத் திருகியதும் குவாட் பாய்கிறதா? உடனே நிறுத்துங்கள்

வெஸ்ட் ஈலிங்கின் பின்சந்துக் கராஜ்களில் பழைய டூ ஸ்ட்ரோக் குவாட் பைக் வைத்திருப்பவர்களே, இதை வாசித்து முடிக்கும்வரை ஸ்குரூடிரைவரைக் கீழே வையுங்கள். யமஹா பன்ஷி, யமஹா பிளாஸ்டர் 200 போன்றவற்றை இரண்டாம், மூன்றாம் கையாக வாங்கியவர்களுக்கு இது இன்னும் அவசரம்.

நடப்பது இதுதான். வண்டியில் இழுவை குறைகிறது. முன்பு மூன்றாம் கியரில் ஏறிய மேட்டில் இப்போது இரண்டாம் கியரிலும் திணறுகிறது. பிளக் மாற்றியாயிற்று, பயனில்லை. அடுத்ததாகக் கை தானாகவே கார்பரேற்றர் பக்கம் போகிறது. காற்று ஸ்குரூவை அரைச் சுற்று வெளியே விடுகிறோம், அல்லது மெயின் ஜெற்றைக் கழற்றிச் சின்ன எண்ணில் ஒன்றைப் போடுகிறோம். புகை அடங்குகிறது. சத்தம் கூர்மையாகிறது. த்ரொட்டிலைத் தொட்டதும் வண்டி பாய்கிறது. "சரி வந்திட்டுது" என்று கருவிப் பெட்டியை மூடிவிடுகிறோம்.

சரி வரவில்லை. கலவையில் பெற்றோல் குறைந்து காற்றுக் கூடிவிட்டது. அப்படிப்பட்ட கலவை கொஞ்ச நேரத்துக்கு எஞ்சினை உற்சாகமாக ஓட வைக்கும். அதே நேரத்தில் பிஸ்டனின் தலை அளவுக்கு மீறிச் சூடேறும். பிஸ்டன் அலுமினியம், சூட்டில் சிலிண்டரைவிட வேகமாகப் பருக்கும். இரண்டுக்கும் நடுவே இருப்பது ஒரு மில்லிமீற்றரின் நூறில் சில பங்கு இடைவெளிதான். அது தீர்ந்ததும் பிஸ்டன் சிலிண்டரில் இறுகிப் பிடிக்கும், பின்சக்கரங்கள் அப்படியே பூட்டிக்கொள்ளும். முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும்போதுதான் பெரும்பாலும் இது நடக்கும், ஏனென்றால் சூடு உச்சத்தில் இருப்பது அப்போதுதான்.

எங்கள் ஆட்களுக்கு இதைத் தனியாகச் சொல்ல ஒரு காரணம் உண்டு. 1990 யூனில் மீண்டும் போர் மூண்ட பிறகு யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வரவில்லை. சில துளி பெற்றோலைக் கார்பரேற்றருக்குள் விட்டு ஸ்டார்ட் ஆக்கி, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டிய காலம் அது. சத்தத்தைக் கேட்டே ஸ்குரூவைத் திருப்பி வண்டியை ஓட வைத்த கைகள் எத்தனை! அந்தத் திறமையை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அன்று ஊர் முழுக்க ஓடிய ஹொண்டா சி90, எம்டி90 எல்லாம் நாலு ஸ்ட்ரோக். அவற்றில் ஒயில் எஞ்சினின் அடியில் தனியாக இருக்கும். கலவை பிசகினாலும் பிஸ்டனுக்கு ஒயில் போய்க்கொண்டே இருக்கும். டூ ஸ்ட்ரோக்கில் அந்தப் பாதுகாப்பு இல்லை. பன்ஷியில் பெற்றோலோடு கலந்து வரும் ஒயிலைத் தவிர வேறு ஒயில் பிஸ்டனுக்குக் கிடையாது. பெற்றோலைக் குறைத்தால் ஒயிலையும் சேர்த்துத்தான் குறைக்கிறீர்கள். ஊர்க் கைவைத்தியத்தை இதில் காட்டாதீர்கள்.

பிளாஸ்டர் வாங்கியவர்கள் இன்னொன்றைக் கவனியுங்கள். அது ஒயில் பம்ப்போடு வந்த வண்டி. தொட்டிக்குள் வெறும் பெற்றோல் ஊற்றினால் போதும் என்று கையேடு சொல்லும். ஆனால் முன்பு வைத்திருந்தவர்கள் பலர் அந்தப் பம்ப்பைக் கழற்றிவிட்டு, கலவை ஊற்றி ஓட்டியிருக்கிறார்கள். கையேட்டை நம்பி வெறும் பெற்றோல் ஊற்றினால் எஞ்சின் சில நிமிடங்களில் முடிந்துவிடும். வாங்கும்போதே கேளுங்கள். கேட்டதோடு விடாமல் பம்ப் இருக்கிறதா என்று கண்ணாலும் பாருங்கள்.

சரி, இழுவை ஏன் குறைந்தது? என் கணிப்பில், கார்பரேற்றரைக் குற்றஞ்சாட்டுவதற்கு முன் தேட வேண்டியது திருட்டுக் காற்றை, அதாவது வழியல்லாத வழியில் எஞ்சினுக்குள் புகும் காற்றை. இந்த இரண்டு மாடல்களும் அமெரிக்காவில் 2006ஆம் ஆண்டு மாடலோடு நின்றுவிட்டன. உங்கள் வண்டியின் ரப்பர்களுக்கு எத்தனை வயது என்று நீங்களே கணக்குப் பாருங்கள். கார்பரேற்றருக்கும் சிலிண்டருக்கும் நடுவிலுள்ள ரப்பர் வெடித்திருக்கலாம். கிராங்கின் இரு பக்க சீல்களும் காய்ந்திருக்கலாம். மக்னெற்றோ பக்கத்துச் சீல் போனால் வெளிக்காற்று உள்ளே புகும். த்ரொட்டிலை விட்ட பிறகும் எஞ்சின் சுழற்சி இறங்காமல் மேலேயே நிற்கும், பிளக் வெள்ளையாக இருக்கும். கிளட்ச் பக்கத்துச் சீல் போனால் கியர் ஒயிலை உறிஞ்சும். வெண்புகை கக்கும், கியர் ஒயிலின் அளவு காரணமில்லாமல் இறங்கும். புகையைப் பார்த்து, ஒயில் கூடிவிட்டது என்று நினைத்துக் கலவையில் ஒயிலைக் குறைப்பவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

மறுபக்கமும் தவறு நடக்கிறது. பாதுகாப்புக்கென்று ஒயிலை இரண்டு மடங்காக ஊற்றுகிறார்கள். ஜெற்றின் துளை அதேதானே! அதன் வழியாக ஒயில் கூடப் போனால் பெற்றோல் குறைவாகத்தான் போகும். 32க்கு 1 என்றால் 5 லீற்றர் பெற்றோலுக்கு 156 மில்லிலீற்றர் ஒயில், 40க்கு 1 என்றால் 125. உங்கள் வண்டிக்கு எது என்று கையேட்டில் பார்த்து, அளவு போத்தலில் அளந்து ஊற்றுங்கள். கண்மதிப்பு வேண்டாம்.

காற்றுக் கசிவைக் கண்டுபிடிக்க நேர்மையான வழி ஒன்றுதான். கார்பரேற்றரையும் சைலன்சரையும் கழற்றி, இரண்டு வாயையும் அடைத்து, கைப்பம்ப்பால் 6 பிஎஸ்ஐ அழுத்தம் ஏற்றுங்கள். நல்ல எஞ்சின் 6 நிமிடம் ஏறக்குறைய அப்படியே பிடித்து நிற்கும். முள் இறங்கினால் சவர்க்கார நீரைப் பூசிக் குமிழி வரும் இடத்தைத் தேடுங்கள். 6 பிஎஸ்ஐக்கு மேல் அழுத்தம் ஏற்றாதீர்கள், நல்ல சீலும் தள்ளுப்பட்டு வந்துவிடும். ஓடும் எஞ்சின்மேல் பிரேக் கிளீனர் ஸ்பிரே அடித்துக் கசிவு தேடும் முறையைச் சிலர் சொல்லிக்கொடுக்கிறார்கள். சூடான சைலன்சருக்கு அருகில் அது பற்றிக்கொள்ளும். வரிசை வீடுகளுக்கு நடுவே, மரக் கதவு போட்ட கராஜில் அந்த வேலை வேண்டவே வேண்டாம்.

அடுத்தது பெற்றோல். 2021 செப்ரெம்பரிலிருந்து பிரித்தானியாவில் சாதாரண பெற்றோல் ஈ10. அதாவது 10 விழுக்காடு வரை எத்தனோல் கலந்தது. எத்தனோல் கலந்தால் அதே அளவு காற்றை எரிக்க எரிபொருள் கொஞ்சம் கூடத் தேவை. பழைய ஜெற்றோடு ஓடும் எஞ்சினுக்கு அது ஏறக்குறைய 4 விழுக்காடு பற்றாக்குறை. பழைய ரப்பர் குழாய்களையும் கார்பரேற்றருக்குள் இருக்கும் ரப்பர்களையும் எத்தனோல் அரிக்கும். இவற்றைவிட என்னைப் பயமுறுத்துவது வேறொன்று. எத்தனோல் ஈரத்தை இழுக்கும். குளிர்காலம் முழுக்கக் கராஜில் கிடந்த தொட்டியில், தண்ணீர் குடித்த எத்தனோல் பிரிந்து அடியில் தங்கிவிடும். நீங்கள் கலந்த ஒயில் மேலே பெற்றோலோடு நின்றுவிடும். குழாய் உறிஞ்சுவது அடியிலிருந்துதான். ஒரு சொட்டு ஒயிலும் இல்லாத திரவத்தில் எஞ்சினை ஓட்டுகிறீர்கள் என்பது அது இறுகிய பிறகுதான் தெரியும். ஆகவே மாதக்கணக்கில் கிடந்த பெற்றோலை வடித்துவிடுங்கள். சூப்பர் பெற்றோல் ஈ5 தரத்தில் கிடைக்கிறது. விலை கூடினாலும் இந்த வண்டிகளுக்கு அதையே போடுங்கள். அதிகாரிகளுக்கு அறிவிக்காமல் வீட்டில் வைத்திருக்கச் சட்டம் அனுமதிப்பது 30 லீற்றர் மட்டும்; பிளாஸ்டிக் கலன் ஒவ்வொன்றும் 10 லீற்றருக்கு மேல் கூடாது.

காலநிலையையும் மறந்துவிடுகிறோம். ஓகஸ்டில் சப்பல் வீதிக் கனகதுர்க்கை அம்மன் கோயில் தேர் இழுக்கும் நாட்களில், 25 பாகை வெயிலில் ரியூன் பண்ணிய வண்டியைத் தைப்பொங்கலுக்கு உறைகுளிரில் ஓட்டினால் காற்றின் அடர்த்தி ஏறக்குறைய 9 விழுக்காடு கூடியிருக்கும். ஜெற் மட்டும் அப்படியே இருக்கும். கோடையில் மட்டுமட்டாக ஓடிய எஞ்சின் மாரியில் இறுகுவதற்கு வேறு காரணமே தேவையில்லை.

சில சின்ன விசயங்களையும் பாருங்கள், சில வேளை முழு வில்லங்கமும் இவைதான். பன்ஷியிலும் பிளாஸ்டரிலும் பார்க்கிங் பிரேக்கோடு ஒரு சுவிட்ச் இருக்கிறது. அது பிசகினால் பிரேக் போட்டிருப்பதாகக் கணக்கெடுத்து எஞ்சின் சுழற்சியைக் கட்டுப்படுத்தும். தொட்டி மூடியின் காற்றுத்துளை அடைத்திருந்தால் பெற்றோல் இறங்காது. ரீட் இதழ்களின் நுனி உடைந்திருந்தால் தாழ்ந்த வேகத்தில் இழுவை இருக்காது. சைலன்சர் கரிபிடித்து அடைத்திருந்தால் மேல்வேகம் வராது. காற்று வடிகட்டி கிழிந்திருந்தால் அதுவும் திருட்டுக் காற்றுதான், மண்ணையும் சேர்த்துக் கொண்டுவரும். கம்பிரஷன் மானி ஒன்றை இரவல் வாங்கியாவது அளந்து பாருங்கள். ரிங் தேய்ந்த எஞ்சினை எந்த ஜெற்றும் காப்பாற்றாது.

இவ்வளவும் சரியென்று தெரிந்த பிறகுதான் கார்பரேற்றர். அப்போதும் பெரிய ஜெற்றிலிருந்து சின்னதை நோக்கிப் படிப்படியாக இறங்குங்கள். சின்னதில் தொடங்கி ஏறாதீர்கள். முழுத் த்ரொட்டிலை ஆளுவது மெயின் ஜெற், நடுப்பகுதியை ஆளுவது ஊசி, தாழ்ந்த ஓட்டத்தை ஆளுவது பைலற் ஜெற்றும் காற்று ஸ்குரூவும். மேல்வேகத்தில் வரும் குறையைக் காற்று ஸ்குரூவால் திருத்த முடியாது. முழு வேகத்தில் ஓட்டி, கிளட்சைப் பிடித்து, அந்த இடத்திலேயே எஞ்சினை அணைத்துப் பிளக்கைக் கழற்றுங்கள். மண்ணிறமாக இருந்தால் நல்லது. வெள்ளையாக இருந்தால் பெரிய ஜெற்றுக்குத் திரும்புங்கள். மினுங்கும் சிறு துகள்கள் ஒட்டியிருந்தால் அது உருகிய அலுமினியம், உங்கள் பிஸ்டனின் தலை. அதற்குப் பிறகு ஒரு கிக் கூட அடிக்காதீர்கள்.

இந்தச் சோதனைகளை உக்ஸ்பிரிட்ஜ் வீதியிலோ லம்மாஸ் பூங்காவிலோ செய்யக்கூடாது. பதிவும் காப்புறுதியும் இல்லாத குவாட்டை வீதியில் இறக்கினால் பொலிஸார் பறித்துக்கொண்டு போகலாம். அதைவிட, சக்கரம் பூட்டிக்கொண்டால் பாதையில் நிற்பது யாருடைய பிள்ளையோ. அனுமதி உள்ள தனியார் நிலத்துக்கோ பந்தயத் திடலுக்கோ கொண்டுபோங்கள். ஹெல்மெற் போடுங்கள். இரண்டு விரல் எப்போதும் கிளட்சில் இருக்கட்டும். எஞ்சின் இறுகினால் உங்களைக் காப்பாற்றுவது அந்த இரண்டு விரல்தான். சுவிட்சை அணைத்தும் எஞ்சின் நிற்காமல் அலறினால் சோக்கை முழுதாக இழுங்கள். கதவை மூடிய கராஜுக்குள் ஒரு நிமிடம்கூட எஞ்சினை ஓட விடாதீர்கள். காபன் மொனொக்சைட்டுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. பக்கத்து அறையில் உறங்கும் பிள்ளையையும் அது தேடிப் போகும்.

தம்பிமாரே, தேர் நாட்களில் ரியூன் பண்ணிய குவாட் இப்போது உங்கள் கராஜில் நின்றால், தொட்டியை வடித்துப் புதுக் கலவை ஊற்றி, மெயின் ஜெற்றை ஒரு எண் பெரிதாக்கி, சீலுக்கு அழுத்தம் பார்த்த பிறகே ஸ்டார்ட் பண்ணுங்கள்.