"லேசா சுர்ருங்குது தம்பி, அவ்ளோதான்"

போன மே மாதம் ஊருக்குப் போயிருந்தேன். திருவையாற்றுப் பக்கம். ஜூன் 12 மேட்டூர் திறப்புக்கு முன்னாடியே குறுவை நாற்றங்கால் வேலை, எல்லா மோட்டார் கொட்டகையும் ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் வயலைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர் ஈரக்கையோடு ஸ்டார்ட்டரைத் தட்டிவிட்டுச் சொன்னார்: "லேசா சுர்ருங்குது தம்பி, அவ்ளோதான். எர்த்து இருக்குல்ல, ஒண்ணும் ஆகாது."

எர்த் இருந்தால் ஒன்றும் ஆகாதா? கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

மோட்டாரின் உள்ளே வயரிங் பழுதாகி ஒரு ஃபேஸ் உடம்பைத் தொடுகிறது என்று வையுங்கள். 230 வோல்ட். மின்சாரம் எர்த் குழி வழியாக மண்ணில் இறங்கி டிரான்ஸ்ஃபார்மருக்குத் திரும்ப வேண்டும். அந்தப் பாதையின் மொத்தத் தடை 10 ஓம் என்றால் ஓடுவது 23 ஆம்பியர்தான். பெட்டியில் 30 ஆம்பியர் பியூஸ் இருந்தால் அது போகவே போகாது. அந்த 10 ஓமில் 8 ஓம் நம் எர்த் குழியில் என்றால், மோட்டார் உடம்பில் 184 வோல்ட் நிற்கும். யாராவது தொடும்வரை அப்படியே நிற்கும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. டெல்டாவின் களிமண் ஈரமாக இருக்கும்போது நல்ல எர்த். கோடையில் வெடித்துக் காயும்போது தடை ஏறிவிடும். அதாவது எர்த் மோசமாக இருக்கும் மாதத்தில்தான் நாம் மோட்டாரை நம்பி இருக்கிறோம்.

இதற்குத்தான் ஆர்சிடி. போகிற மின்சாரமும் திரும்புகிற மின்சாரமும் சமமா என்று மட்டும் பார்க்கும் கருவி. 30 மில்லிஆம்பியர் வகை என்றால், அந்த அளவு மண்ணுக்குக் கசிந்ததுமே 0.3 விநாடிக்குள் இணைப்பைத் துண்டிக்கும். 23 ஆம்பியரோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

இது புது விதியா? இல்லை என்பதுதான் எனக்கு உறைத்தது. மத்திய மின்சார ஆணையத்தின் 2010 பாதுகாப்பு விதிமுறைகளிலேயே கசிவுப் பாதுகாப்புக் கருவி கட்டாயம். 250 வோல்ட்டுக்கு மேற்படாத, 5 கிலோவாட்டுக்குக் குறைந்த இணைப்புகளுக்கு மட்டும் அப்போது விலக்கு இருந்தது. 2023-ல் வந்த புதிய விதிமுறைகளில் அந்த வரம்பு 2 கிலோவாட். ஏசி, ஹீட்டர் இருக்கும் சாதாரண வீடுகளையும் இது தொடுகிறது. ஆனால் த்ரீஃபேஸ் பம்ப்செட் 250 வோல்ட்டைத் தாண்டியது, அதற்கு 2010-லும் விலக்கு இல்லை. எர்த்திங் பற்றிய ஐஎஸ் 3043 கூட 1987-க்குப் பிறகு 2018-ல் திருத்தப்பட்டுவிட்டது.

மென்பொருளில் ஒரு லைப்ரரியில் ஓட்டை என்றால் அப்டேட் தானாக வந்து நிற்கும். கொட்டகைக்கு அப்படி எதுவும் வராது. இணைப்பு வாங்கிய அன்றைக்கு என்ன பெட்டியோ, அதே பெட்டிதான். எலெக்ட்ரீசியன் தன் குருவிடம் கற்றதைச் செய்கிறார். அவரைக் குறை சொல்லி என்ன பயன்? விதி மாறியதை அவரிடம் யார் சொன்னது?

ஆக, வருஷத்துக்கு ஒரு நாள் ஒதுக்கலாம். நாற்றங்காலுக்கு முன் என்றால் ஞாபகம் இருக்கும். லைசென்ஸ் உள்ள வயர்மேனை வைத்து எர்த் தடையை அளந்து எழுதிவையுங்கள். ஆர்சிடியில் உள்ள டெஸ்ட் பட்டனை மாதம் ஒருமுறை அழுத்துங்கள். மத்திய ஆணையத்தின் விதிமுறைகளும் ஐஎஸ் தரங்களும் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன, படிக்கத் தெரிந்தவர் ஒருவர் படித்துச் சொன்னால் போதும். எர்த்தும் வேண்டும், ஆர்சிடியும் வேண்டும். இரண்டு ஃபேஸை ஒருசேரத் தொட்டால் இரண்டும் காப்பாற்றாது என்பதையும் மறக்க வேண்டாம்.

எங்கள் கொட்டகையில் ஆர்சிடி போட்டோம். முதல் நாளே மூன்று தடவை விழுந்தது. "இதை எடுத்துடலாமா தம்பி?" என்றார் பெரியவர். மோட்டாரைக் கழற்றிப் பார்த்தால் காயிலில் ஈரம் இறங்கியிருந்தது. இத்தனை நாள் அவர் கையில் சுர்ருனு அடித்தது அதுதான்.