வலை நிறைந்தால் ஏரி நலமா?

வலை கனக்கக் கனக்க மீன் ஏறுகிறது. படகில் இருப்பவர்கள் முகமெல்லாம் சிரிப்பு. அப்படியானால் அந்த ஏரி நலமாக இருக்கிறது என்று சொல்லிவிடலாமா?

அவசரப்படாதீர்கள். தராசு மீனின் எடையைத்தான் சொல்லும், ஏரியின் நலத்தைச் சொல்லாது. அதற்கு வேறு கேள்விகள் கேட்க வேண்டும். வலையில் எத்தனை வகை மீன் இருக்கிறது? குஞ்சு, நடுத்தரம், பெரியது என எல்லா வயது மீனும் ஏரியில் உண்டா? எது எதைத் தின்கிறது? தண்ணீருக்குள் வெளிச்சம் எவ்வளவு ஆழம் போகிறது? இவற்றைக் கேட்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதை உலகத்துக்கே காட்டிய ஏரி ஒன்று ஆப்பிரிக்காவில் இருக்கிறது.

அதுதான் விக்டோரியா ஏரி. உகாண்டா, கென்யா, தான்சானியா என்ற மூன்று நாடுகளுக்கும் பொதுவான நன்னீர் ஏரி. பரப்பு சுமார் 68,800 சதுர கிலோமீட்டர், அதாவது தமிழ்நாட்டில் பாதிக்கும் மேல்!

சுமார் 15,000 ஆண்டுகளுக்கு முன் இந்த ஏரி வறண்டு கிடந்தது என்கிறார்கள் அறிவியலாளர்கள். மறுபடி நீர் நிறைந்த பிறகு, அதில் சிக்லிட் குடும்பத்தைச் சேர்ந்த சின்னஞ்சிறு மீன்கள் 500 இனங்களுக்கும் மேலாகப் பெருகின. தான்சானியா மீனவர்கள் இவற்றை ‘ஃபுரு’ என்பார்கள். பெரும்பாலானவை உங்கள் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். நம் ஊர்ச் சந்தையில் விற்கும் ஜிலேபிக் கெண்டையும் ஆப்பிரிக்காவிலிருந்து வந்ததுதான். அது இவற்றுக்கு உறவு.

ஃபுரு மீன்களின் வாயைப் பார்த்தாலே அவை என்ன தின்கின்றன என்று சொல்லிவிடலாம். பாறையில் படிந்த பாசியைச் சுரண்டுகிறவற்றுக்குப் பொடிப் பற்கள் வரிசை வரிசையாக இருக்கும். நத்தை தின்பவற்றின் தொண்டையில் பாக்குவெட்டி போல ஓட்டை நொறுக்கும் தாடை உண்டு. அடியில் படியும் கழிவைத் தின்பவை, நீரில் மிதக்கும் நுண்ணுயிரிகளைத் தின்பவை, மற்ற மீன்களின் செதிலைப் பிய்த்துத் தின்பவை என்று எத்தனையோ வகை. ஃபுரு தாய் தன் முட்டைகளையும் குஞ்சுகளையும் வாய்க்குள் வைத்துத்தான் காப்பாற்றும். அந்தத் தாயை முட்டி, வாயிலிருந்து குஞ்சுகளை வெளியே வரவைத்துத் தின்னும் இனங்கள்கூட இருந்தன!

இவ்வளவு பேர் இவ்வளவு விதமாகச் சாப்பிட்டதால் ஏரியில் எதுவும் வீணாகவில்லை. பாசி அளவோடு இருந்தது. கழிவு அடியில் தேங்கவில்லை.

1905இல் ஐரோப்பியர்கள் செவுள் வலையைக் கொண்டுவந்தார்கள். மீன் வலையின் கண்ணிக்குள் தலையை நுழைத்ததும் செவுள் மாட்டிக்கொள்ளும். கண்ணி பெரிதாக இருந்தால் சின்ன மீன் தப்பிவிடும். சிறிதாக இருந்தால் எல்லாமே சிக்கிவிடும். மக்கள் விரும்பிச் சாப்பிட்ட ‘ங்கெகே’ என்ற ஜிலேபிக் கெண்டை வகை வேகமாகக் குறைந்தது. 1927-28இல் மைக்கேல் கிரஹாம் என்ற ஆய்வாளர் ஏரியை ஆராய்ந்து, 5 அங்குலத்துக்குக் குறைந்த கண்ணி வேண்டாம் என்றார். வேறோர் இடத்திலிருந்து பெரிய வேட்டை மீனைக் கொண்டுவந்து விடுவது பேராபத்து என்றும் எச்சரித்தார். அந்த எச்சரிக்கையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

1950களிலும் 60களிலும் அப்படிப்பட்ட ஒரு வேட்டை மீனையே ஏரியில் விட்டார்கள். பெயர் நைல் பெர்ச். இரண்டு மீட்டர் நீளம், 200 கிலோ எடைவரை வளரக்கூடியது. ‘முள் நிறைந்த சின்ன மீன்கள் சும்மாதானே நீந்துகின்றன, அவற்றைத் தின்று ஒரு பெரிய மீன் வளர்ந்தால் லாபம்தானே’ என்பது அதை விட்டவர்கள் போட்ட கணக்கு.

இருபது ஆண்டுகளுக்குப் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. 1980களில் நைல் பெர்ச் ஏரியெங்கும் பெருகியது. பிடிக்கும் மீனின் எடை பல மடங்கு உயர்ந்தது. கரையோரம் தொழிற்சாலைகள் எழுந்தன. மீன் துண்டுகள் ஐரோப்பாவுக்குப் பறந்தன. பலருக்கு வேலை கிடைத்தது, அது உண்மை. ஆனால் தண்ணீருக்கு அடியில் வேறொன்று நடந்துகொண்டிருந்தது. ஒரு காலத்தில் ஏரி மீன்களின் மொத்த எடையில் சுமார் 80 விழுக்காடு ஃபுரு மீன்களாக இருந்தன. சில ஆண்டுகளில் அது ஒரு விழுக்காடு அளவுக்குச் சரிந்தது. ஏறக்குறைய 200 இனங்கள் காணாமல் போயின. தின்ன ஃபுரு இல்லாமல் போனதும் நைல் பெர்ச் இறாலையும் தன் குஞ்சுகளையுமே தின்னத் தொடங்கியது.

பழியை முழுக்க அந்த மீன்மீது போட்டுவிட முடியாது. வயல்களின் உரமும் ஊர்களின் சாக்கடையும் ஏரியில் கலந்தன. காடுகளை வெட்டியதால் மண்ணும் கரைந்து வந்தது. நைல் பெர்ச் கொழுப்பு மிகுந்த மீன். வெயிலில் காய வைத்தால் சரியாகக் காயாது, புகை போட வேண்டும். அதற்கும் மரம் வெட்டினார்கள். பாசி பெருகி நீர் கலங்கியது. பாசி செத்து அழுகும்போது ஆழத்தில் ஆக்சிஜன் தீர்ந்துபோயிற்று.

நீர் கலங்கினால் மீனுக்கு மூச்சு முட்டும், அது தெரிந்ததுதான். எனக்கு மிகவும் வியப்பூட்டியது இன்னொரு விளைவு. இந்த ஏரியில் நெருங்கிய உறவுள்ள இரண்டு இனங்கள் உண்டு. ஒன்றில் ஆண் நீல நிறம், மற்றதில் ஆண் சிவப்பு. பெண் மீன் தன் இனத்து ஆணை நிறத்தைப் பார்த்துத்தான் தேர்ந்தெடுக்கிறது. 1990களில் ஓலே சீஹௌசன் என்ற உயிரியலாளரும் அவருடைய குழுவினரும் இவற்றைத் தொட்டியில் வைத்துச் சோதித்தார்கள். வெள்ளை ஒளியில் பெண்கள் தம் இனத்து ஆணிடமே போயின. நிற வேறுபாட்டை மறைக்கும் ஆரஞ்சு ஒளியைப் போட்டதும் தடுமாறின, வேற்றினத்து ஆணிடமும் போயின. கலங்கிய ஏரியிலும் இதுவே நடக்கிறது. இரண்டு இனங்கள் கலந்து, தனித்தனி அடையாளம் அழிந்துவிடுகிறது. ஒரு மீன்கூடச் சாகாமலே ஓர் இனம் மறைந்துபோகிறது!

நைல் பெர்ச்சை அளவுக்கு மீறிப் பிடித்து அது குறையத் தொடங்கிய பிறகு, 1990களில் சில ஃபுரு இனங்கள் மெல்ல மீண்டன. அவற்றில் சிலவற்றுக்குச் செவுள்கள் முன்பைவிடப் பெரிதாகியிருந்தன. ஆக்சிஜன் குறைந்த நீரில் வாழ அது உதவும். ஏறக்குறைய இருபதே ஆண்டுகளில் நடந்த மாற்றம் இது.

நைல் பெர்ச்சுக்கும் ஓர் அளவு விதி வந்தது: 50 சென்டிமீட்டருக்குச் சிறியதும் வேண்டாம், 85 சென்டிமீட்டருக்குப் பெரியதும் வேண்டாம். சிறியது இன்னும் முட்டையிடும் வயதை எட்டவில்லை. மிகப் பெரியவையோ ஏராளமாக முட்டையிடும் தாய்கள். நல்ல விதி. ஆனால் அவ்வளவு பெரிய ஏரியில், அத்தனை படகுகளுக்கு நடுவில் அதைக் காப்பது கடினமாக இருந்தது. இன்று அங்கே எடைக்கணக்கில் முன்னிற்பது ‘டகா’ என்ற சின்னஞ்சிறு வெள்ளி மீன். இரவில் விளக்கு வைத்து, அந்த வெளிச்சத்துக்கு வருவதைப் பிடித்துக் கரையில் உலர்த்துகிறார்கள்.

உங்கள் ஊர் ஏரியில் மீன் பிடிக்கும்போது போய்ப் பாருங்கள். கெண்டை, கெளுத்தி, விரால், அயிரை, உளுவை என்று எத்தனை வகை வருகிறது என எண்ணுங்கள். முன்பு என்னென்ன கிடைத்தன என்று தாத்தா பாட்டியிடம் கேட்டு எழுதி வையுங்கள். இன்னொரு வேண்டுகோள். கண்ணாடித் தொட்டியில் வளர்க்கும் சக்கர் மீன் பெரிதாகிவிட்டால், பாவம் என்று ஏரியிலோ குளத்திலோ கொண்டுபோய் விடாதீர்கள். தமிழ்நாட்டு நீர்நிலைகளில் அது ஏற்கெனவே பரவியிருக்கிறது. வளர்க்க முடியாவிட்டால், வாங்கிய கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.