வாய்க்கால் வண்டலும் அதன் கணக்கும்

வாய்க்கால் வருஷந்தோறும் தூர்ந்து, கடைமடைக்கு ஜலம் எட்டாமற் போவதைக் காணும் மிராசுதார்கள், இவ்வளவு மண் படியுமென்று முன்னரே கணக்கிடலாகாதா எனக் கேட்பது நியாயமே. முயன்றவர்கள் உண்டு. இராவி நதியிலிருந்து பிரியும் மேல் பாரி தோவாப் கால்வாயில், தூராமலும் அரிக்கப்படாமலும் நிலைத்திருந்த பகுதிகளைக் கென்னடி என்னும் எஞ்சினியர் அளந்து, 1895-ம் வருஷத்தில் ஒரு சூத்திரம் வெளியிட்டார். அதன்படி 4 அடி ஆழத்திற்கு விநாடிக்கு ஏறக்குறைய 2 அடி வேகம் வேண்டும்.

ஆனால் அது அக்கால்வாயின் மணலுக்கு ஏற்பட்ட கணக்கு. மணல் பருமனானால் வேகமும் மிகுதியாக வேண்டும். மேலும், கலங்கிவரும் வண்டலை மொண்டு எடை போடலாம். அடியில் உருண்டு செல்லும் மணலைப் பிடிப்பதோ அரிது. கருவியை இறக்கினாலே அவ்விடத்து ஓட்டம் மாறிவிடும். வேகம் சிறிது கூடினும் மணல் பன்மடங்கு பெயருமாதலால், வேகத்தை அளப்பதில் நேரும் சிறு பிழை மண்கணக்கில் பெரும் பிழையாய் முடியும். இன்று கணிப்பொறிகள் இவ்வேலையைச் செய்கின்றன; அவற்றிற்கும் அந்தந்த ஆற்றில் இறங்கி அளந்த அளவுகளே ஆதாரம்.

தூர் வாருங்கால், அகலமாய் வெட்டினால் ஜலம் மிகுதியாக வருமென்று பலர் எண்ணுகின்றனர். மதகு விடும் ஜலம் முன்போன்றதே. அகலம் கூடினால் வேகம் தணிந்து மண் மறுபடியும் படியும். ஆகவே கிராம அதிகாரிகள் பழைய அகலத்தையும் வாட்டத்தையும் முளையடித்துக் குறித்த பின்னரே வேலையைத் தொடங்கச் செய்தல் வேண்டும். வாரிய மண்ணைக் கரைச்சரிவில் குவிக்கவும் கூடாது. முதல் மழையிலேயே அது வாய்க்காலுக்குத் திரும்பிவிடும்.