சீமெந்தில் சேரும் சாம்பல்

ஊரில் வீடு கட்டத் தொடங்கியிருக்கும் பலர், கடையில் ‘கலப்புச் சீமெந்து’ என்றதும் கலப்படம் என்று நினைத்து ஒதுங்கிவிடுகின்றனர். இரண்டும் ஒன்றல்ல.

சுண்ணக்கல்லையும் களியையும் ஏறத்தாழ 1450 பாகை வெப்பத்தில் சுட்டு வருவது ‘கிளிங்கர்’. அதை அரைத்தால் சீமெந்து. 1990 இல் யுத்தத்தால் மூடப்பட்ட காங்கேசன்துறைத் தொழிற்சாலைக்குக் கல் அகழ்ந்த பள்ளங்களை வலிகாமம் வடக்கு மக்கள் அறிவர். ஒரு தொன் கிளிங்கருக்கு ஏறக்குறைய ஒன்றரைத் தொன் கல் வேண்டும். சுடும்போது எரிபொருளிலிருந்து மட்டுமன்றிக் கல்லிலிருந்தும் காபனீரொட்சைட்டு வெளியேறுகிறது. பூமியைச் சூடாக்கும் வாயு இதுவே. குடாநாட்டிலோ அந்தச் சுண்ணக்கல்தான் எமது கிணற்று நீரைத் தாங்கி நிற்கிறது. ஆகவே கிளிங்கரைக் குறைப்பது தோட்டக்காரருக்கும் நல்லது.

குறைத்த இடத்தில் சேர்ப்பது எதை? புத்தளம் மாவட்டத்தின் நுரைச்சோலை அனல் மின் நிலையம் 2011 இல் இயங்கத் தொடங்கியது. இன்று அதன் கொள்ளளவு 900 மெகாவாற். அங்கு நிலக்கரித் தூள் எரியும்போது புகையோடு பறக்கும் நுண்ணிய சாம்பலைப் பிடித்துச் சீமெந்துக் கம்பனிகளுக்குக் கொடுக்கின்றனர். சீமெந்து நீருடன் சேர்ந்து இறுகும்போது கொஞ்சம் சுண்ணாம்பு மிஞ்சும், அதனால் பலமில்லை. சாம்பலிலுள்ள சிலிக்கா அந்தச் சுண்ணாம்பைப் பிடித்துப் பசையாக்கி நுண்துளைகளை அடைக்கிறது. எம் முன்னோர் சுண்ணாம்புச் சாந்தில் செங்கல் தூள் கலந்ததும் இதற்காகவே. உப்புக் காற்றடிக்கும் மன்னார், முல்லைத்தீவுக் கரைகளில் கம்பி துருப்பிடிப்பதை இது தாமதப்படுத்தும்.

நுரைச்சோலையைச் சுற்றியுள்ள விவசாயிகள் பறக்கும் தூசி பற்றி முறையிட்டு வந்துள்ளனர். சாம்பல் சீமெந்துக்குப் போவதால் மட்டும் அவர்களது குறை தீர்ந்துவிடவில்லை.

கட்டுவோர் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு: கலப்புச் சீமெந்து மெதுவாகவே பலம் பெறும். கொங்கிறீற்றைக் குறைந்தது 10 நாள், முடிந்தால் 14 நாள் ஈரமாக வைத்திருக்க வேண்டும். தண்ணீர் தட்டுப்பாடான இடத்தில் நனைத்த சாக்கைப் போர்த்திவிடலாம். வீட்டுத்திட்டப் பணம் கட்டம் கட்டமாக வருவதால், அடுத்த கட்டக் காசை எண்ணிப் பலகையை அவசரமாகக் கழற்றுவது ஆபத்து. பாமன்கடையில் வாடகைக்கு இருந்துகொண்டு தொலைபேசியில் மேசனுடன் பேசி ஊரில் வீடு கட்டுவிக்கும் குடும்பங்கள், தண்ணீர் ஊற்ற ஓர் ஆளை முன்கூட்டியே ஒழுங்கு செய்யட்டும். வாங்கும்போது பையில் எஸ்.எல்.எஸ். 1247 என்ற தர இலக்கம் உண்டா எனப் பாருங்கள்.

உமிச் சாம்பலிலும் சிலிக்கா மிகுதி. 1000 கிலோ நெல்லில் சுமார் 200 கிலோ உமி, அதை எரித்தால் 40 கிலோ சாம்பல். ஆனால் வெப்பத்தைக் கட்டுப்படுத்தி எரித்து, நன்றாக அரைத்தால்தான் அது சீமெந்துக்கு உதவும். அடுப்பிலோ சூளையிலோ கிடைக்கும் கறுத்த சாம்பலை வீட்டுக் கொங்கிறீற்றில் கலக்க வேண்டாம்; அது எருக்கிடங்குக்குப் போகட்டும்.