உஷார்! முயல் மூலையில் ஒடுங்கினால் விடியும்வரை காத்திருக்காதீர்கள்

நேற்றுவரை காலைச் சுற்றி வட்டமடித்த முயல், இன்று மூலையில் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. தூக்கப் போனால் உறுமுகிறது, கடிக்க வருகிறது. “ஏதோ கோபம், காலையில சரியாயிடும்” என்று விளக்கை அணைத்துவிடாதீர்கள். முதலில் தீனித் தட்டைப் பாருங்கள். அடுத்து கூண்டின் தரையைப் பாருங்கள். வைத்த புல் அப்படியே கிடந்து, புழுக்கையும் இல்லையென்றால் உயிருக்கே ஆபத்து!

காட்டில் நோவைக் காட்டிக்கொள்ளும் முயல்தான் நரிக்கு முதலில் இரையாகும். அதனால் வலியை மறைப்பது இந்தப் பிராணியின் பிறவிக்குணம். நாயைப் போல முனகி நம்மைக் கூப்பிடாது. ஒதுங்கும், சிடுசிடுக்கும், அசையாமல் கிடக்கும். ‘குணம் மாறிப்போச்சு’ என்று வீட்டில் சொல்லிக்கொள்வது பல சமயம் இந்த வலியைத்தான்.

முயலின் குடல் ஓயாமல் இயங்கிக்கொண்டே இருக்க வேண்டும். வெக்கை, தீபாவளி வெடிச் சத்தம், பல்வலி, நார் குறைந்த தீனி என்று எதனால் சாப்பாடு நின்றாலும் குடல் மந்தமாகிவிடும். உள்ளே இருப்பது காய்ந்து இறுகும், வாயு சேரும், வலி கூடும். அந்த வலியால் முயல் மேலும் பட்டினி கிடக்கும். வாந்தி எடுத்துத் தப்பிக்கவும் அதன் உடம்பால் முடியாது. 12 மணி நேரம் தின்னாமல், புழுக்கை போடாமல் இருந்தால் அவசர சிகிச்சை தேவை. காலையில் கவனித்துவிட்டு, ஆபீஸ் முடிந்து வந்து டாக்டரிடம் போகலாம் என்று கணக்குப் போட்டால் அந்த நேரம் கைவிட்டுப் போய்விடும். வயிறு உப்பிக் கெட்டியாக இருந்தாலோ, காது சில்லிட்டுத் துவண்டு கிடந்தாலோ அந்த 12 மணி நேரமும் கிடையாது. உடனே கிளம்புங்கள்.

பல் சத்தத்தையும் காது கொடுத்துக் கேளுங்கள். தலையைத் தடவும்போது மெல்லக் கடகடவென்றால் சுகமாக இருக்கிறது. உடம்பைக் குறுக்கி, கண்ணைப் பாதி மூடி, நறநறவென்று உரக்கக் கடித்தால் வலி. முயலின் பற்கள் சாகும்வரை வளரும். புல்லை அரைத்து அரைத்துத்தான் அவை தேய வேண்டும். கேரட்டும் பாக்கெட் தீனியுமே தின்று வளரும் முயலுக்குக் கடைவாய்ப் பல் கூராகி நாக்கையும் கன்னத்தையும் கிழிக்கும். பசியோடு தட்டருகே வந்து முகர்ந்துவிட்டுத் திரும்பினாலோ, தாடை எச்சிலில் நனைந்திருந்தாலோ பல்லைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

கோடையில் மொட்டை மாடியில், தகரக் கூரைக்குக் கீழே கூண்டு வைத்திருப்பவர்கள் இன்றே அதை இறக்கிவிடுங்கள். முயலுக்கு நம்மைப் போல வியர்க்காது. பெரும்பாலும் காது வழியாகத்தான் சூட்டைத் தணித்துக்கொள்ளும். 30 டிகிரி தாண்டினாலே திணறும். மூச்சு வாங்கினால் நிழலுக்குக் கொண்டுவந்து, ஈரத் துணியால் காதைத் துடையுங்கள். பயந்துபோய்க் குளிர்ந்த நீரில் முக்கிவிடாதீர்கள், அந்த அதிர்ச்சியே அதைக் கொன்றுவிடலாம்.

நன்றாகத் தின்று, புழுக்கை போட்டு, அதே சமயம் முரட்டுத்தனம் காட்டினால் இவ்வளவு பதற்றம் வேண்டாம். 4 முதல் 6 மாத வயதில் பருவம் வரும்போது கடிப்பதும் கண்ட இடத்தில் சிறுநீர் தெளிப்பதும் உண்டு. பெண் முயல் பொய்ச் சினையில் நெஞ்சு ரோமத்தைப் பிடுங்கிக் கூடு கட்டும். கருத்தடை செய்தால் இவை பெரும்பாலும் அடங்கும்.

மருந்து விஷயத்தில்தான் எனக்குப் பெரிய பயம். வீட்டில் மிச்சமிருக்கும் அமாக்ஸிசிலினை வாய்வழியாகக் கொடுத்தால் குடலிலுள்ள நல்ல நுண்ணுயிர்கள் அழிந்து முயல் செத்தே போகலாம். நாய்க்கு உண்ணி மருந்தாகப் போடும் ஃபிப்ரோனில் முயலுக்கு விஷம். வயிறு உப்பியிருக்கும்போது ஊசிக்குழாயால் தீனியைத் திணிக்கவும் கூடாது.

எல்லாக் கால்நடை மருத்துவர்களுக்கும் முயல் பார்த்துப் பழக்கம் இருக்காது. போன் செய்து கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். சென்னை வேப்பேரியிலும் நாமக்கல்லிலும் கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் உள்ளன. கடைசியாக எப்போது தின்றது என்று குறித்துக்கொள்ளுங்கள். கடைசியாகப் போட்ட புழுக்கை கிடந்தால் ஒரு கவரில் எடுத்துப் போங்கள். ஆபரேஷன் என்று முடிவாகி, நாய்க்குச் சொல்வதுபோல “ராத்திரி முழுக்கப் பட்டினி போடுங்க” என்று யாராவது சொன்னால், தயங்காமல் திருப்பிக் கேளுங்கள். முயலுக்கு அந்தப் பட்டினி கூடாது.