பெயர்க் கட்டத்துக்குள் ஒளியும் கட்டளை

2005 அக்டோபர் 4. அமெரிக்காவின் மைஸ்பேஸ் தளத்தில் சாமி கம்கார் என்ற 19 வயது இளைஞர் தன் சுயவிவரப் பக்கத்தில் ஒரு சிறு நிரலை ஒளித்துவைத்தார். அந்தப் பக்கத்தைப் பார்த்தவரின் பிரவுசர், அவருக்கே தெரியாமல் சாமிக்கு நட்பு அழைப்பு அனுப்பியது. அவருடைய பக்கத்திலும் அதே நிரலை ஒட்டிவைத்தது. 20 மணி நேரத்துக்குள் பத்து லட்சத்துக்கும் அதிகமானோர் சிக்கினார்கள். கடைசியில் தளத்தையே நிறுத்திவைக்க வேண்டியதாயிற்று.

பயனர் எழுதிய எழுத்தைப் பிரவுசர் கட்டளையாக எடுத்துக்கொண்டதுதான் காரணம். இத்தகைய தாக்குதலுக்கு 'கிராஸ் சைட் ஸ்கிரிப்டிங்' என்று பெயர். மைட்டர் நிறுவனம் 2024-ல் வெளியிட்ட மிக ஆபத்தான 25 மென்பொருள் பலவீனங்களின் பட்டியலில் முதலிடம் இதற்குத்தான்.

இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் ஏன்? கவனமான நிரலாளர்களும் சறுக்குகிற இடம் ஒன்று உண்டு.

ஆன்லைன் கடை ஒன்றில் வாடிக்கையாளரின் பெயர், முகவரி, அவர் கூடையில் போட்ட பொருட்கள் எல்லாம் பெரும்பாலும் பக்கத்தோடு சேர்ந்தே வந்துவிடுகின்றன. சர்வர் அவற்றை ஜேசன் என்ற தகவல் வடிவில் ஒரே சரமாகக் கோத்து, பக்கத்தின் ஸ்கிரிப்ட் பகுதிக்குள் வைத்து அனுப்புகிறது. பெயரைச் சுற்றி இரட்டை மேற்கோள் குறிகள் இருக்கின்றன. பெயருக்குள்ளேயே மேற்கோள் குறி வந்தாலும் ஜேசன் கருவி அதைச் சரிசெய்துவிடும். எனவே எல்லாம் பத்திரம் என்று நிரலாளர் நம்பிவிடுகிறார்.

ஆனால் பிரவுசர் பக்கத்தை இரண்டு கட்டமாகப் படிக்கிறது. ஜாவாஸ்கிரிப்டின் முறை வருவதற்கு முன்பே எச்டிஎம்எல் படிப்பான் உள்ளே நுழைகிறது. மேற்கோள் குறிகளை அது பொருட்படுத்தாது. ஸ்கிரிப்ட் பகுதியை மூடும் குறி எங்கே என்றுதான் தேடும். ஒருவர் பெயர்க் கட்டத்தில் அந்த மூடும் குறியையும், அதன் பின்னால் புதிய ஸ்கிரிப்ட் ஒன்றையும் எழுதிவைத்தால், படிப்பான் பெயரின் நடுவிலேயே பழைய பகுதியை முடித்துக்கொள்ளும். மீதியைப் புதுக் கட்டளையாக ஓட்டும். கடை ஊழியர் ஆர்டரைத் திறந்து பார்க்கும் வேளையில், அந்தக் கட்டளை ஊழியரின் அதிகாரத்தோடே ஓடும்.

பக்கத்தின் மற்ற இடங்களில் பயன்படும் வழக்கமான எச்டிஎம்எல் மாற்றுக்குறிகள் இங்கே உதவாது. ஸ்கிரிப்ட் பகுதிக்குள் பிரவுசர் அவற்றைத் திருப்பி மாற்றுவதில்லை, தகவல்தான் சிதையும்.

சரியான தீர்வு மிகச் சிறியது. சரத்தில் '<' வரும் இடமெல்லாம், பின்சாய்வுக்கோட்டுடன் 'யூ', '003சி' என்று அதன் யூனிகோட் எண்ணை எழுத வேண்டும். எச்டிஎம்எல் படிப்பானுக்கு அது வெறும் எழுத்து. மூடும் குறியே அதன் கண்ணில் படாது. ஜாவாஸ்கிரிப்டோ அதை மீண்டும் '<' என்றே வாசிக்கும். தகவல் ஓர் எழுத்துகூட மாறுவதில்லை.

கோ மொழியின் ஜேசன் கருவி இந்த மாற்றத்தைத் தானாகவே செய்கிறது. 2018-ல் வந்த ஜாங்கோ 2.1 என்ற வலைச்சட்டகம் இதற்கென்றே ஒரு வசதியைத் தந்தது. பிஎச்பியில் நிரலாளர் தனியாகக் கேட்டால்தான் நடக்கும். ஜாவாஸ்கிரிப்டின் சொந்த ஜேசன் கருவி இதைச் செய்வதே இல்லை. எனவே அதைக் கொண்டு பக்கத்துக்குள் தகவல் வைக்கும் ஒவ்வொரு நிரலாளரும் அதைச் செய்யும் அந்த ஒரு வரியை இன்றே திறந்து பார்த்துவிட வேண்டும்.